டாவா என்றால் இடது

ஔந்த், புனே
16.6.2024

அன்புள்ள ரஃபீக்,

உன் நம்பருக்குப் போட்டால் ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. வாட்ஸப்பில் ஒற்றை டிக்கோடு சரி. நீ என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்று நம் கம்பெனி டேனியல் சொல்லித்தான் புரிந்தது. அவனிடம் கெஞ்சிக் கூத்தாடி உன் உத்தமபாளையம் விலாசத்தை வாங்கியிருக்கிறேன். கடிதத்தை பிளாக் செய்ய வழியில்லை, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்கு முன் படித்துவிடு.

செப்டம்பர் முப்பதோடு எனக்கு ரிட்டயர்மென்ட். "வீட்ல உக்காந்துண்டு அம்மாவைப் படுத்தாதே" என்று என் பெண் ப்ரீதி ஒரு பெட்டி அனுப்பினாள். பிளாஸ்டிக் விமானம். நாமே ஒட்டி, பெயின்ட் அடித்து உருவாக்க வேண்டுமாம். பெட்டி மேல் ஹரிக்கேன் என்று போட்டிருந்ததால், விளக்குதான் வந்திருக்கிறது என்று பட்டு நினைத்துவிட்டாள். உலகப் போர்க் காலத்து ஒற்றை விசிறி விமானம் அது. அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. சிறகு விரித்தால் என் ஒரு சாண் அகலம்கூட இல்லை.

யூட்யூபைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன். அமெரிக்காக்காரர் ஒருவர் பெயின்ட் பீய்ச்சுகிற கம்ப்ரெஸர் இல்லாமல் பேச்சையே தொடங்க மாட்டேன் என்கிறார். ஜப்பான்காரர் வாயே திறப்பதில்லை. கடைசியில் கோல்ஹாபூர்க்காரர் ஒருவர் அகப்பட்டார். முகம் காட்டமாட்டார், இரண்டு கைகள் மட்டும்தான். நகவெட்டி, பல்குச்சி, உப்புத்தாள், துணி மாட்டுகிற கிளிப், இவ்வளவுதான் அவருடைய ஆயுதம். மராத்தியில் மளமளவென்று பேசிக்கொண்டே போகிறார். எனக்கு மராத்தி எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும், பாதி இந்தி மாதிரிதானே இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். கையெல்லாம் பசை, வீடியோவை நிறுத்த விரல் கிடையாது. "ஏன்னா, நிறுத்தட்டுமா, ஓட்டட்டுமா?" என்று பட்டு மாவுக் கையோடு வந்து நிற்கிறாள்.

ரஃபீக், முப்பது வருஷமாக அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். என் கையால் ஒன்றைச் செய்வது இதுதான் முதல் தடவை. ஒரு சிறகை உடம்போடு ஒட்டி, இரண்டு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, லைனில் நிற்கிறவர்களை நான் எவ்வளவு அலட்சியமாகப் பேசியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

இதைச் சொல்ல நான் எழுதவில்லை. வேறொன்று சொல்ல வேண்டும். மூன்று தாள் கிழித்தாயிற்று, வார்த்தை வரவில்லை. நீ ஒரு வரி பதில் போட்டால் எழுதிவிடுவேன்.

உன்,
விசு


உத்தமபாளையம்
27.6.2024

திரு. விஸ்வேஸ்வரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் விமானம் ஒட்டுவதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? இங்கே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். திராட்சைத் தோட்டத்து மோட்டார்கள் வரிசையில் கிடக்கின்றன. சுற்றி வளைத்துப் பேசுவதற்கு எனக்கு நேரமில்லை.

பதினெட்டு வருஷம் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் சாகண் ஃபேக்டரிக்குப் போய் வந்தோம். நான் கொண்டுவந்த டிபனை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள், உங்களுடையதை நான் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு நாள், பதினோரு பேர் முன்னால், "பொய் சொல்லாதே ரஃபீக்" என்றீர்கள். அதைப் பற்றி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

மு. முகமது ரஃபீக்

பி.கு.: பசை எடுப்பதற்கு முன்னால் பாகத்தைச் சும்மா பொருத்திப் பார்க்க வேண்டும். கையை எடுத்தால் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காததைப் பசையால் நிறுத்த முடியாது.


ஔந்த்
7.7.2024

அன்புள்ள ரஃபீக்,

உன் பி.கு. பத்து நாள் தாமதமாக வந்தது. அதற்குள் ஒட்டித் தொலைத்துவிட்டேன்.

விமானத்துக்கு அடியில் இரண்டு கால்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சக்கரம். இடது வேறு, வலது வேறு. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்திருக்கும். பெட்டியில் வந்த படத்தில் விமானம் மல்லாந்து கிடக்கிறது. எந்தப் பக்கம் எது என்று தலை சுற்றியதால் படத்தை மூடிவிட்டு வீடியோவைக் கேட்டேன். கோல்ஹாபூர்க்காரர் ஒரு காலைத் தூக்கிக் காட்டி "டாவா பாய்" என்றார். இந்தியில் தாயா என்றால் வலது. பாவ் என்றால் கால். சரி, வலது கால் என்று வலது பக்கம் ஒட்டினேன். மிச்சமிருந்ததை இடது பக்கம். காய்ந்ததும் மேஜையில் நிறுத்தினேன். மூக்குக் குத்தி விழுந்தது. எடுத்து நிறுத்தினேன். மறுபடியும் மூக்குக் குத்தி.

எனக்கு வந்த கோபம்! இந்தியில் ஒரு பாரா எழுதி வீடியோவுக்குக் கீழே போட்டேன். "நீங்கள் வலது கால் என்று சொன்னதை என் காதால் கேட்டேன், தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள்" என்று. மறுநாள் ஒரு கும்பிடு பொம்மையோடு பதில் வந்தது. "ஸர், டாவா என்றுதான் சொன்னேன். டாவா என்றால் லெஃப்ட்."

பட்டுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். "டாவான்னா இடதுன்னா! உஜ்வான்னா வலது. காய்காரன்கிட்ட இருபது வருஷமா டாவீகடே, உஜ்வீகடேன்னுதானே வழி சொல்லிண்டிருக்கேன். உங்க காதுல விழுந்ததே இல்லையா?" விழுந்ததில்லை. ஆட்டோவில் நான் லெஃப்ட், ரைட் என்பேன். கம்பெனியில் எல்.எச்., ஆர்.எச். இடது வலதை மராத்தியில் கேட்க எனக்கு வாய்ப்பே வந்ததில்லை.

ஒரே ஒரு தடவையைத் தவிர.

ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை, ரிப்போர்ட் மாதிரியே எழுதுகிறேன். 2018 ஆகஸ்ட். கதவுக் கீலைத் தாங்குகிற பிராக்கெட். அன்றைய லாட்டுக்கு இடது பக்கம் துளை போட வேண்டும். லைன் சூப்பர்வைசர் நீ. டிரில்லிங் மெஷினில் கான்ட்ராக்ட் ஆள் கிருஷ்ணா. நீ அவனுக்கு ஏதோ சொல்லிவிட்டுப் போனாய், நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். கிருஷ்ணா அறுநூற்று நாற்பது பிராக்கெட்டுக்கும் வலது பக்கம் துளை போட்டுவிட்டான். அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. கான்ட்ராக்டர் மறுநாளே அவனை நிறுத்திவிட்டார். விசாரணையில் நீ "டாவீ பாஜூன்னுதான் சொன்னேன்" என்றாய். நான் எழுந்து, "தாயீ பாஜூ, வலது பக்கம் என்று சொன்னார், என் காதால் கேட்டேன்" என்றேன். நீ மறுத்தாய். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

நீ இடது என்றுதான் சொல்லியிருக்கிறாய். தெரியாத பாஷையைத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு கேட்டவன் நான். நீ பொய் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு ரஃபீக். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

விசு


உத்தமபாளையம்
20.7.2024

திரு. விஸ்வேஸ்வரன்,

படித்தேன். கடை மூடிவிட்டு இரண்டாம் தடவையும் படித்தேன்.

உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, கை நடுங்குகிறது, எல்லாம் சரி. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியுமா? என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். பதினெட்டு வருஷம் லைன் ஓட்டியவன் நட்டும் போல்ட்டும் எண்ணினேன். நான்கு மாசத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்து, பிம்ப்ரியில் இரண்டு கம்பெனிக்குப் போனேன். நான் போவதற்கு முன்னால் இந்தச் சேதி அங்கே போய் உட்கார்ந்திருந்தது. தப்புச் செய்தவனுக்கு எவனும் வேலை கொடுப்பான், சார். தப்பை மறைக்கப் பொய் சொன்னவன் என்று பேர் வாங்கினவனுக்கு எவனும் கொடுக்க மாட்டான். என் மகள் ரீனா அப்போது பத்தாம் வகுப்பு. மராத்தியில் கவிதைப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை, இங்கே வந்து தமிழ் எழுத்துக் கூட்டி அழுதது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லை, அதனால் வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆக, பொய் சொல்லாத என்னைப் பொய் சொல்லவும் வைத்துவிட்டீர்கள்.

அதே வருஷம் உங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள் என்று டேனியல் சொன்னான். சிறந்த தரக் கட்டுப்பாட்டாளர். காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாமெல்லாம் படித்ததுதானே?

என் ஒருத்தனுக்கு மட்டும் தெரியும்படி கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிற மன்னிப்பு எனக்கு வேண்டாம். பதினோரு பேர் முன்னால் கெட்ட பேர், அந்தப் பதினோரு பேர் முன்னால்தான் சரியாகும். சொல்ல முடியுமா, முடியாதா? அதை மட்டும் எழுதுங்கள்.

ரஃபீக்

பி.கு.: காலை இழுத்துப் பிடுங்காதீர்கள், பிளாஸ்டிக் உருகி ஒன்றாகியிருக்கும். மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுங்கள். குண்டூசியை வெட்டி உள்ளே செருகிவிட்டு மறுபடி ஒட்டினால் நிற்கும்.


ஔந்த்
4.8.2024

அன்புள்ள ரஃபீக்,

குண்டூசி யோசனை பலித்தது. வலது கால் நின்றுவிட்டது. இடது காலை அறுக்கும்போது இரண்டாக ஒடிந்தது, அதற்கும் குண்டூசிதான்.

நீ கேட்டதை யோசித்தேன். அந்தப் பதினோரு பேரில் மூன்று பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அப்போதைய மேனேஜர் காலமாகிவிட்டார். மற்றவர்களில் பாதிப் பேருக்கு அது ஞாபகம் இருக்குமா என்பதே சந்தேகம். ஆறி அடங்கிப்போனதை நான் போய்க் கிளறினால், உன் பேர் மறுபடி அடிபடும். வேண்டுமானால் மானேஜ்மென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். ஃபைலில் சேர்த்துக்கொள்வார்கள். இன்னும் இரண்டு மாசத்தில் நான் வெளியே வரப்போகிறேன். இத்தனை வருஷம் கழித்து...

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டு தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "நன்னா இருக்கு. நீங்க ஒருத்தரைத் திட்டணும்னா ஊர் கூடணும், மன்னிப்புக் கேக்கணும்னா மட்டும் ஃபைல்ல சேத்துப்பாளா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதையும் எழுதிவிட்டேன். நீ எது வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

பயமாக இருக்கிறது ரஃபீக். அதுதான் விஷயம். வேறு காரணமெல்லாம் நான் சேர்த்தது.

விசு


உத்தமபாளையம்
13.8.2024

திரு. விஸ்வேஸ்வரன்,

உங்கள் மனைவிக்கு என் சலாம் சொல்லவும். உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இனிமேல் எழுத வேண்டாம்.

மு. முகமது ரஃபீக்


உத்தமபாளையம்
6.10.2024

விசு,

எழுத வேண்டாம் என்று சொன்ன நானே எழுதுகிறேன்.

டேனியல் போன் செய்தான். உன் சென்ட் ஆஃப் அன்றைக்கு சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்து, பேசச் சொன்னார்களாம். நீ மைக்கைப் பிடித்து, "நான் நன்றி சொல்ல வரவில்லை, ஒரு ரிப்போர்ட்டைத் திருத்த வந்திருக்கிறேன்" என்றாயாம். அந்தப் பதினோரு பேரில் மிச்சமிருந்த ஏழு பேரையும் பேர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னாயாம். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லையாம், ஜோக் என்று நினைத்து எச்.ஆர். பெண் கைதட்டிவிட்டாளாம். அப்புறம் நீ முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்து, கேடயத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, கேக்கைக்கூட வெட்டாமல் இறங்கிவிட்டாயாம். டேனியல் போனில் அழுதுவிட்டான். நான் அழவில்லை. கடையில் ஆள் இருந்தது.

மறுநாளே இரண்டு பேர் போன் பண்ணினார்கள். ஒருத்தன் ஸாரி என்றான். இந்த ஒரு வார்த்தைக்கு நான் ஆறு வருஷம் காத்திருந்தேன். வந்ததும் வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

ரீனாவைக் கூப்பிட்டு எல்லாக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். அவளே அந்தக் கோல்ஹாபூர்க்காரர் வீடியோவைத் தேடி எடுத்தாள். கேட்டோம். "டாவா பாய்" என்கிறார், தெளிவாகவே சொல்கிறார். "பாத்தியாம்மா, மராத்தி தெரியாதவன் காதுல அது அப்படித்தான் விழும், அத்தா மேல தப்பே இல்ல" என்றேன். அந்தப் பிள்ளை வீடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது.

"அத்தா, அந்த கிருஷ்ணாண்ணே பீகார்க்காரருன்னுதானே சொல்லுவீங்க? அவருகிட்ட எதுக்கு மராத்தியில சொன்னீங்க?"

விசு, ஆறு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி இது. விசாரணையில் என்ன சொன்னாய், என்ன சொன்னாய் என்று பதினோரு பேரும் என்னைத் துளைத்தார்கள். யாரிடம் சொன்னாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்து "தாயீ என்று சொன்னார்" என்றதும் எனக்குக் கோபம் வந்தது நிஜம். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதுவும் நிஜம். பேச்சு என் வார்த்தை மேல் திரும்பிவிட்டது. என் வார்த்தை சுத்தம். அதைப் பிடித்துக்கொண்டு நான் கரையேறிவிட்டேன்.

கிருஷ்ணாவுக்கு மராத்தி தெரியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவனிடம் இந்தியில்தான் பேசுவேன். அன்றைக்கு எனக்கு முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர் மராத்திக்காரர்கள், அவர்களிடம் பேசிய வாயோடு போகிற போக்கில் அவனிடமும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். எல்.எச். என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கம்பெனி ரூலே அதுதானே. அன்றைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும் விசு. உன் காதில் எப்படி விழுந்ததோ, அப்படித்தானே அவன் காதிலும் விழுந்திருக்கும்? "சூப்பர்வைசர் சொன்னதைத்தான் செஞ்சேன்" என்று அவன் கெஞ்சினான். அது உண்மை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உன்னை அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்தேனே, அந்தத் தகுதி எனக்கு இருக்கிறதா என்று இப்போது தெரியவில்லை. இதை நீ யாரிடம் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ரஃபீக்


ஔந்த்
14.10.2024

ரஃபீக்,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பஸ் பிடித்து சாகணுக்குப் போனேன். ரிட்டயர் ஆனவன் கேட்டில் நின்றால் வாட்ச்மேன் எப்படிப் பார்க்கிறான் என்று தெரிந்துகொண்டேன். டேனியல் வந்து உள்ளே கூட்டிப்போனான்.

அந்த கான்ட்ராக்டர் போய்விட்டார். இப்போது இருப்பவருக்குப் பழைய ஆட்களைத் தெரியாது. 2018 கேட் ரெஜிஸ்டர் மழையில் நனைந்து போய்விட்டதாம். டிரில்லிங் பக்கம் விசாரித்தேன். ஒருவன் கிருஷ்ணா யாதவ் என்கிறான், இன்னொருவன் கிருஷ்ண பிரசாத் என்கிறான். பீகாரில் எந்த ஊர், சாப்ராவா சிவானா என்றும் யாருக்கும் நிச்சயமில்லை. கல்யாணம் ஆனவன், கைக்குழந்தை இருந்தது என்று கேன்டீன்காரர் மட்டும் சொன்னார். எனக்கு அதுகூடத் தெரியாது.

வீட்டுக்கு வந்து என் பழைய ரிப்போர்ட்டின் நகலை எடுத்தேன். நான்கு பக்கம். உன் பேர் பதினான்கு இடத்தில் இருக்கிறது. அவன் பேர் ஓர் இடத்திலும் இல்லை. 'ஆபரேட்டர்' என்று எழுதியிருக்கிறேன். போன மாசம் மேடை ஏறி அத்தனை நேரம் பேசினேனே, அப்போதும் அவன் பேரை நான் சொல்லவில்லை. உனக்கு எழுதிய கடிதத்தில் அவனுக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறேன், கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார் என்று. அதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை.

தகுதி, ஆட்சேபணை எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். நீ அவனோடு ஒரு வருஷம் லைனில் நின்றவன். யோசித்துப் பார். சம்பளச் சீட்டில், ஆதார் அட்டையில், டிபன் பாக்ஸில் எங்கேயாவது பார்த்திருப்பாய். அவன் முழுப் பேர் என்ன?

பதில் கடிதம் போடாதே. அது வந்து சேர ஒரு வாரம் ஆகும். போன் பண்ணு.

விசு